மூன்று முறை தள்ளிப்போன கிரயம்

அன்பு மகள் குந்தவைக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் ஒருவழியாகச் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க ராஜகோபாலனை வேண்டிக்கொள்கிறேன். மன்னார்குடி வீட்டுக் கிரயம் வியாழக்கிழமை முடிந்தது என்று மட்டும்தான் போனில் சொன்னேன், மற்றதைச் சொல்லியிருந்தால் நீ நடுவிலேயே அத்தை மேல் கோபப்பட்டிருப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வீடு தாத்தா பெயரில் இருந்ததால் அப்பாவோடு மலர்க்கொடி அத்தையும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது உனக்குத் தெரியும். முதல் தடவை சீர்காழியிலிருந்து பஸ் ஏறி வந்தாள், பத்திர ஆபீசில் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள், என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு வீடு வாங்கும் ஃபாஜிலுக்கு பேங்க் லோன் வரவில்லை, பேங்க் வக்கீல் இன்னொரு சான்று கேட்டாராம். பாவம் அந்தப் பையன், லீவு போட்டுவிட்டு வந்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். அத்தை வீட்டுப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு எரிச்சல்தான், வாரம் இரண்டு முறை அப்பாவை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போய் வருகிற அலைச்சல் எனக்குத்தானே தெரியும், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே குடிபோகத்தானே இந்த வீட்டையே விற்கிறோம்.

இரண்டாம் தடவை பத்திர ஆபீசில் சர்வர் வேலை செய்யவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் அத்தை வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்தாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய அப்பாவின் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என்னிடம், "அண்ணி, அண்ணனுக்கு இவ்வளவு முடியலன்னோ, அதுக்காக வீட்ட விக்கிறோம்னோ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? கையெழுத்துக்கு மட்டும்தானே கூப்பிட்டீங்க" என்றாள். அவள் பிறந்த வீடு அது, அவளைக் கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

மூன்றாம் தடவை அவள் பெயர் ஆதாரில் ஒரு மாதிரியும் வாரிசுச் சான்றில் வேறு மாதிரியும் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைத் திருத்தி முடிக்கும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று அவளாகவே சொன்னாள். நீங்க கொஞ்சம் படுங்க அண்ணி என்று என்னை வீட்டில் விட்டுவிட்டு அப்பாவை அவளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஒருநாள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள், அப்பா சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை சார்பதிவாளர் வழக்கமாகக் கேட்கிற மாதிரி, "யாரும் கட்டாயப்படுத்தலையே, சம்மதிச்சுத்தானே போடுறீங்க?" என்று அத்தையைக் கேட்டார். "மொத தடவையே கேட்டிருந்தீங்கன்னா பொய்தான் சொல்லியிருப்பேன் சார். இப்ப மனசாரப் போடுறேன்" என்றாள். அப்பா கண் கலங்கியதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் தள்ளிப்போகிறதே என்று நீயும் நானும் போனில் எவ்வளவு புலம்பினோம் குந்தவை.

தஞ்சாவூர் வீட்டுக்குக் குடிவந்துவிட்டோம், தண்ணீர் நன்றாக வருகிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், நேரத்துக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் இருவரும் நீடு வாழ வேண்டும். அத்தை நம்பரை அனுப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் பேசு. கையெழுத்துப் போட்டதற்கு நன்றி என்றெல்லாம் ஆரம்பிக்காதே. எப்படி இருக்கீங்க அத்தை என்று கேள், போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா அனுசுயா