மேகத்துக்கு மேலே நிற்கும் கப்பல்

இன்று காலை மழைக்கோட்டைத் தேடிப் பரணில் ஏறினேன். இழுத்து உதறியதும் ரப்பர் வாசனையும் அதில் ஊறிய முகப்பவுடர் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. கை அப்படியே நின்றுவிட்டது. கீழே என் வீட்டுக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். நான் ஏணியில் பாதியில் நிற்கிறேன். அது உன் பலூனின் வாசனை. மடித்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு டப்பா பவுடரை அதன்மேல் கொட்டிவிட்டு, இரண்டு பேரும் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டோமே, அந்த வாசனை.

அப்போதிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. உலை வைத்தேன், அரிசி போட மறந்தேன். துணியை ஊறவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். செத்துப்போனவளுக்கு எழுதினால் யார் படிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். எழுதாவிட்டால் இன்றைக்கு இந்த வீட்டில் சோறு வேகாது. அதனால் எழுதுகிறேன்.

உத்திரமேரூர் பஜாரில் உன் எஸ்.டி.டி. பூத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஒரே பெஞ்சில் இருந்தோம், ஆனால் பெஞ்சில் இருந்தவள் நான் மட்டும்தான். நீ ஜன்னலில் நிற்பாய், இல்லையென்றால் டீச்சர் உன்னை நிற்கவைத்திருப்பார். கல்யாணமான வருஷமே உன் வீட்டுக்காரர் வெளிநாடு போனார். முதலில் போன் வந்தது, பிறகு எப்போதாவது வந்தது, பிறகு நின்றுபோனது. நீ அண்ணன் வீட்டுக்குத் திரும்பிவந்து பூத் வைத்தாய். அண்ணன் பக்கத்துக் கடையில் சவுண்டு சர்வீஸ் நடத்தினார். ஊரில் பாதிப் பேரின் புருஷனும் பிள்ளையும் உன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்தான் பேசினார்கள். அந்தக் கதவும் சரியாகச் சாத்தாது.

நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் வருவேன். சாலவாக்கம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் போன் என்ற ஒன்று இருந்தது, மழைக்காலம் வந்தால் அதற்கு உயிர் இருக்காது. டவுன் பஸ் பிடித்து வந்து, சவுதியிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிடும்வரை உன் வாசலில் காத்திருப்பேன். மணி அடித்ததும் ஓடிப்போய் எடுத்தால், பின்னால் ஏழெட்டுப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அத்தனை பேருக்கு நடுவில் புருஷனிடம் என்ன பேசுவது? சாப்பிட்டீங்களா, உடம்பு நல்லா இருக்குதா, அத்தை நல்லா இருக்காங்க. வாராவாரம் இதே மூன்றுதான்.

அந்தக் காலத்தில்தான் ஏதோ ஒரு பத்திரிகையில் நீ அந்தக் கப்பலைப் பற்றிப் படித்தாய். ஏரோப்ளேன் பறக்கும் உயரத்துக்கும் மேலே, ஆளில்லாத பெரிய பலூன் கப்பல் ஒன்றை நிறுத்திவைக்க வெளிநாட்டில் முயற்சி பண்ணுகிறார்கள், வெயிலே அதற்குக் கரண்ட், அங்கிருந்தபடியே அது போனுக்கு டவர் வேலை செய்யும் என்று போட்டிருந்தது. அன்றைக்கு என் பஸ் நிற்பதற்குள் நீ நடுரோட்டுக்கு ஓடிவந்துவிட்டாய்.

"ஒரே ஒரு கப்பல்டி. காஞ்சிபுரத்துலேர்ந்து மதுராந்தகம் வரிக்கும் கம்பமே தேவல. கேபிள்ல தண்ணி பூந்துடுச்சின்னு எவனும் சாக்கு சொல்ல முடியாது."

"மழ பெஞ்சா?"

"மேகத்துக்கு மேல நிக்கிதுடி அது. மேகத்துக்கு மேல ஏது மழ?"

உனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். போன் பேச வருகிறவர்களிடமெல்லாம் கப்பலைப் பற்றிச் சொன்னாய். பஜாருக்கு உர மூட்டை வாங்க வந்த தென்னேரிக்காரர் ஒருவர், "அது கீய வுழுந்தா யாரு கழனில வுழும்?" என்று கேட்டார். அதற்கும் நீ நின்று நிதானமாகப் பதில் சொன்னாய். இரண்டு மாதம் போனது. கப்பல் வரவில்லை. உனக்குப் பொறுக்கவில்லை.

"அவங்க வரும்போது வரட்டும். நாம சின்னதா ஒண்ணு வுடலாம்" என்றாய்.

பட்டுச் சேலைக்கடை ஒன்று விளம்பரத்துக்காகப் பறக்கவிட்ட பெரிய பலூன் உன் அண்ணனின் கடையில் கிடந்தது. பர்மா பஜாருக்கு ஆள் அனுப்பி, தூரத்துக்கு எடுக்கும் கார்ட்லெஸ் போன் ஒன்றை வரவழைத்தாய். பெட்டியைப் பூத்தின் லைனில் மாட்டி, அதன் ஏரியலைப் பலூனில் கட்டி மேலே விட்டால், கைப்போன் எங்கள் ஊரில் அடிக்கும் என்பது உன் கணக்கு. லைசென்ஸ் இல்லாத சமாச்சாரம் என்று நான் பயந்தேன். நீ காதில் வாங்கவில்லை. கட்டுவதற்கு அண்ணன் நைலான் கயிறு கொடுத்தார். அது உன் கையை அறுத்துக்கொண்டு வழுக்கியது. நான்தான் பெரிய கெட்டிக்காரி மாதிரி எங்கள் வீட்டுக் கிணற்றுத் தாம்புக்கயிற்றைக் கொண்டுவந்தேன். தேங்காய்நார் கயிறு, மாடே இழுத்தாலும் அறாது. புரட்டாசி வெயிலில் பலூன் ஜம்மென்று ஏறியது. எங்கள் ஏரிக்கரையில் நின்ற என் கையில் போன் கிணுகிணுத்தது.

"கேக்குதாடி?" என்றாய். எனக்கு அழுகை வந்துவிட்டது. "கத்தாதடி, கேக்குது" என்றேன்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் வழக்கத்துக்கு மாறாக என்னை ஒன்று கேட்டார். "கம்பெனில இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்க. அடுத்த வெள்ளிக்கிழம வரிக்கும் டைம் கீது. போடட்டுமா, வந்துடட்டுமா? நீ சொல்றதுதான்."

திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்றவர்களில் ஒருவர் எங்கள் மாமியாரின் தம்பி மகன். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். வீட்டுக்கு நான் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது. "போடச் சொல்லு. இங்க வந்து இன்னா பண்ணப் போறான்?" என்றார் அத்தை. மச்சினரும் அதையே சொன்னார். பக்கத்து வீட்டில்கூட அதையே சொன்னார்கள்.

மறுநாள் உன்னிடம் ஓடிவந்தேன். "உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாய்.

"எல்லாரும் போடச் சொல்றாங்க."

"எல்லாரையும் வுடு. உனக்கு?"

நான் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நீ மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "எனக்கும் ஒரு தபா இப்டி போன் வந்திச்சி. காத்துக்கினு இருப்பாளான்னு அவரு கேட்டாரு. இருப்பான்னு எங்க அண்ணன் சொல்லிட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்." கைப்போனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி என் கையில் திணித்தாய். "மழ வலுத்தா ரோடு பூடும். இத வெச்சிக்கோ."

ரோடு போனது. வியாழக்கிழமை ஏரி நிரம்பிக் கலங்கல் தாண்டி வழிந்து, தரைப்பாலத்தின்மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. பஸ் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க நான் வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்தேன். சவுதியில் மதியத் தொழுகை முடிந்து அவர் கூப்பிடும் நேரம், மழை கொஞ்சம் விட்டது. போன் அடித்தது. ஊரே என்னைச் சுற்றிக்கொண்டது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ, போனைக் காதில் வைத்தபடியே வரப்பில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். சேற்றில் யாரும் பின்னால் வரவில்லை. நடுக்கழனிக்குப் போய்த்தான் நின்றேன்.

அவரோடு நான் தனியாகப் பேசியது கல்யாணத்துக்குப் பிறகு அப்போதுதான், அவர் ஊரில் இருந்த அந்தச் சில வாரங்களைத் தவிர. என்ன பேசினேன் தெரியுமா? அடுப்படியில் தண்ணீர் புகுந்ததைச் சொன்னேன். கன்றுக்குட்டி திண்டாடியதைச் சொன்னேன். உன் பலூனைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் போனில் கேட்டதே இல்லை. பேச்சு வளர்ந்துகொண்டே போனது. பிறகு அவர், "சரி, இன்னா சொல்ற? போடவா, வரவா?" என்றார்.

வாயைத் திறந்தேன். இரைச்சல் வந்தது. "அலோ, அலோ" என்று கத்தினேன். பிறகு இரைச்சலும் இல்லை.

மழை விட்ட நேரம் பார்த்து நீ பலூனை ஏற்றியிருக்கிறாய், ஆனால் உன் பக்கம் மறுபடியும் தூறல் பிடித்துவிட்டதாம். தேங்காய்நார் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்து, பலூனைக் கீழே இழுத்துவிட்டது. எதிர்க்கடை மாடியின் டி.வி. ஆன்டெனாவில் அது குத்திக் கிழிந்தது. தினம் தினம் கிணற்றில் வாளி இழுத்தவள் நான். நனைந்த தாம்பு கனக்கும் என்று இந்தக் கைக்குத் தெரியும், மண்டைக்கு ஏறவில்லை. நாம் பறக்கவிட்டுப் பார்த்ததெல்லாம் வெயில் நாளில்.

அந்த மாதக் கடைசியிலேயே அவர் ஒரு பையோடு வந்து இறங்கினார். "கையெழுத்து போடல" என்றார், அவ்வளவுதான். அத்தை ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். கைப்போன் செத்தாலும் உன் பூத்தில் லைன் உயிரோடுதானே இருந்தது? நீ எடுத்து, வரச் சொல்லிவிட்டாய். உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னக் கேக்காமலே என் புருசன வரவழைச்சவ" என்று வம்புக்கிழுப்பேன். நீ வேறு எங்கேயோ பார்த்தபடி, "சிக்னல் போச்சி, நான் இன்னாடி பண்ணுவேன்" என்பாய்.

வீட்டில் சண்டை வந்தால் எனக்கு அது வசதியாகவும் இருந்தது. விளைச்சல் சரியில்லாத வருஷங்களில் அவர் முணுமுணுத்தால், "உங்கள நானா கூப்ட்டேன்? அவ கூப்ட்டா, அவளப் போய்க் கேளுங்க" என்று கத்துவேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விடுவார்.

பிறகு சாலவாக்கத்திலேயே செல்போன் டவர் வந்தது. உன்னைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுவும் கம்பந்தான். கப்பல் இல்ல" என்றாய். பூத்துக்கு ஆள் வருவது நின்றது, நீ ஜெராக்ஸ் மெஷின் வைத்தாய். அப்புறம் உனக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். சென்னை ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயமே வந்தது, ஏனென்றால் நீ படுத்து நான் பார்த்ததில்லை. "கப்பல் வந்திச்சாடி?" என்று கேட்டாய். "இன்னும் இல்ல" என்றேன். "மொள்ள வரட்டும். மேல போற வழில நான் பாத்துக்கறேன்" என்றாய். பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போதும் வருகிறது.

இதுவரை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தார். துண்டு கொடுத்தேன். பரணில் வந்த வாசனையைச் சொன்னேன். "அவ அன்னிக்கி உங்கள வரச் சொல்லலன்னா இப்ப எந்தப் பாலைவனத்துல இருந்திருப்பீங்களோ" என்றேன், எப்போதும் சொல்வதுபோல.

தலை துவட்டுவதை நிறுத்தினார். "அந்தம்மா என்ன வரச் சொல்லவே இல்லியே."

"பின்ன?"

"லைன் பூட்ச்சி. பூத்துக்காரம்மா எடுத்திச்சி. 'அண்ணே, அவளுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன், அது அவ வாயால வரணும். அது வரிக்கும் கையெழுத்து போடாதீங்க'ன்னு சொல்லிச்சி. கம்பெனில டைம் குடுக்கல. நான் போடல. ப்ளேன் ஏத்தி அனுப்ச்சிட்டாங்க."

"இத்தினி வருசமா இத ஏன் சொல்லல?"

"நீயும்தான் சொல்லல" என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்துகொண்டு கீழே உட்கார்ந்தார். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. நான் கத்திய கத்தல்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு தடவையும் இந்த மனிதர் எதை நினைத்துக்கொண்டு கழனிக்கு நடந்திருப்பார்? அன்றைக்கு வாயைத் திறந்தேனே, அதிலிருந்து எந்த வார்த்தை வந்திருக்கும் என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. ஊர் சொல்லிக்கொடுத்த வார்த்தையாகவும் இருந்திருக்கலாம். அது உனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தும், நீ எனக்காகப் பேசாமல் விட்டாய். நான் கேலி செய்தபோதுகூட உண்மையைச் சொல்லாமல் இருந்தாய். அந்த இடத்தை எனக்கென்று அப்படியே காலியாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அந்தப் பதில் இன்னும் என்னிடம்தான் இருந்திருக்கிறது.

அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "வந்துடுங்க" என்றேன்.

கையில் கவளத்தோடு நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்யவில்லை. கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "சரி" என்றார்.

சத்தமாகத்தான் சொன்னேன்டி. பக்கத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.