பஞ்சு சுற்றிய கம்பு

4 மார்ச், செவ்வாய்
போர்வைக்குள், ஹேண்ட்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.
ராத்திரி ஏழு மணிக்கு அம்மாவின் பேக்டரி பஸ் பத்து காவான் ஊருக்குக் கிளம்பியது. ஏழே காலுக்குக் கோகிலன் அண்ணன் சோபாவைச் சுவரோரம் தள்ளினான். மாநிலச் சிலம்பப் போட்டிக்குப் பழக அவனுக்கு எதிராள் வேண்டும்; வீட்டில் இருப்பது நான்தான். இருவர் கையிலும் பிரம்பு. நான் வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம். தலைக்கு மேல் தடுக்க மட்டும்தான் தெரியும். அவன் காலுக்கு வருகிறான்.
முழங்காலுக்குக் கீழே மூன்று அடி. இடது கையில் ஒன்று.
"தடுக்கத் தெரியலனா படத்தான்லா செய்யும்," என்றான்.
அழுதால் இன்னொரு சுற்று.

5 மார்ச், புதன்
வேலைக்குக் கிளம்பும்போது அம்மா பார்த்துவிட்டார், கால் கன்றிப்போயிருப்பதை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், சிலம்ப கிளாஸில் பட்டது என்றான். அம்மா தைலம் தேய்த்துவிட்டு, பழகப் பழகச் சரியாகும் என்றார். அவன் இருப்பதால்தான் நைட் ஷிப்ட்டுக்கு நிம்மதியாகப் போகிறாராம்.
சொல்லலாம். சொன்ன பிறகும் ராத்திரி அவனோடுதானே இருக்கணும்?

6 மார்ச், வியாழன்
ஞாயிற்றுக்கிழமை குடும்பப் பயிற்சி; வீட்டுப் பெரியவர்களும் வந்து கூடப் பழகலாம். வகுப்பு நடத்தும் குமுதா அக்கா கொடுத்த அழைப்புப் பாரத்தை அண்ணன் கிழித்துப் போட்டுவிட்டான், அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று. கூடப் பழகும் நோர்மாவிடம் இன்னொன்று வாங்கி அம்மாவின் சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
ஏன் வைத்தேன்?

7 மார்ச், வெள்ளி
இன்றும். ஐந்து.

9 மார்ச், ஞாயிறு
அம்மா வந்தார்! பழைய பஞ்சாபி சூட், காலில் பேக்டரி சப்பாத்து. அண்ணன் போட்டிக்காரர்கள் வரிசையில் நின்றான், எங்களைப் பார்க்காமல்.
நான் வீசியதை அம்மாவுக்குத் தடுக்கத் தெரியவில்லை. காலில் வாங்கிக்கொண்டு சிரித்தார். "என்னா இது, தலாணியில அடிச்ச மாரி இருக்கு."
"புதுசா சேந்தவங்களுக்கு ஆறு மாசம் பஞ்சு சுத்துன கம்புதாம்மா," என்றார் குமுதா அக்கா. "பிரம்ப தொடவே விடமாட்டேன்."
அம்மா கம்பின் நுனியை அழுத்திப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கோடியில் நின்ற அண்ணனை.
அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.
வீட்டுக்கு வந்தும் கத்தவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்த பிரம்பை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நின்றார்.
"தங்கச்சிக்குச் சொல்லிக் குடுத்தத எனக்கும் குடு தம்பி. கால்லேருந்து ஆரம்பி."
அவன் பிரம்பைத் தூக்கவேயில்லை. அம்மாவும் நகரவில்லை.

12 மார்ச், புதன்
அண்ணன் புக்கிட் மெர்தாஜாமில் மாமா வீட்டில் இருக்கிறான். அம்மா காலை ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கிடைக்கும்வரை லீவு.
சாயங்காலம் லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் என் இரண்டு கையும் தலைக்கு மேல் போய்விட்டன. எனக்குத் தெரிந்த ஒரே தடுப்பு. அம்மா எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து காட்டினார். பக்கத்து வீட்டு ஹபீபா பீவி ஆன்ட்டி, பசாரில் வாங்கிய காய்கறிப் பையோடு.
கைகள் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.
இப்போது அம்மா பக்கத்தில் படுத்திருக்கிறார். விளக்கு எரிகிறது. என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். நோட்டை நகர்த்தி வைத்தேன், அவர் படிக்கிற மாதிரி.