ஐந்தாம் தொட்டியின் முள்

நாள் 12, 06:10
நிலா, கிழக்குத் தளம். நான்காம் நைட்ரஜன் தொட்டி: வெப்பம் மைனஸ் 73, அழுத்தம் 30 பார். மூடிவிட்டேன். இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் கதிரொளி, வயது 23, கல்லூரியைப் பாதியில் விட்டவன். இங்கே இரண்டு வருடம். தலைவி மெர்லின், வந்து பத்து நாள். என் பழைய வகுப்புத் தோழி. தங்கப் பதக்கம். அதையும் பதிகிறேன்.

நாள் 12, 09:40
வானொலியில் மெர்லின்: "டேய் கதிரு, அஞ்சாவதுல அம்பது ஏத்திட்டேன். நீ என்ன, முப்பதோட குறட்டையா?"

இதற்கு முன் அவள் இருந்தது துருவப் பள்ளம். அங்கே வெயிலே எட்டாது. நிரப்பியது நிரப்பியபடி கிடக்கும். இங்கே நாளை விடியும்; விடிந்து நடுப்பகலாக ஒரு வாரம். மூடிய தொட்டியில் வாயு சூடானால் போக இடமில்லை, சுவரைத்தான் முட்டும். மைனஸ் 73-இல் ஐம்பது, நடுப்பகல் 127-இல் நூறு. தொட்டி தாங்குவது தொண்ணூறு.

சொல்லவில்லை. எண்பதில் பாதுகாப்பு வால்வு திறந்து அத்தனையும் வீணாகும். அசிங்கப்படட்டும்.

நாள் 14, 11:00
ஐந்தாம் தொட்டி: 58. தலைமையகம்: "கதிரொளி, மெர்லினைப் பாத்துக் கத்துக்கோப்பா." நல்லது. கத்துக்கிறேன்.

நாள் 16, 13:05
தூங்கி எழுந்தேன். 89.
எண்பதில் வால்வு ஏன் திறக்கவில்லை?

13:08
ஞாபகம் வந்துவிட்டது. போன மாதம் அந்த வால்வு கசிந்தது. நான்தான் கழற்றி, துளையை அடைத்தேன். பதிவேட்டில் எழுதவில்லை. சோம்பல்.

13:12
மெர்லின் தொட்டியடியில் நிற்கிறாள். அழுத்தமானி முள்ளுக்கு முதுகைக் காட்டி, பூமிக்கு வீடியோ. வானொலியில் கத்தினேன்: "மெர்லின், ஓடி வா! அது வெடிச்சிரும்!"

"காலேஜ்லயும் பரீட்சைக்கு முன்னாடி இப்படித்தான் பயமுறுத்துவே. வயிறு எரியுதாடா?"

எரிந்தது. நான்கு நாளாக.

13:26, விண்வெளி உடையின் ஒலிப்பதிவு
ஓடுகிறேன். 89. அவள் திரும்பி முள்ளைப் பார்த்துவிட்டாள். ஓடவில்லை. வால்வு இருந்த இடத்தில் அடைப்பைக் கண்டு, அதைக் கையால் திருகுகிறாள்.

"கிட்ட வராத கதிரு. அங்கயே நில்லு."

90. திருக வேண்டியவன் நான். நான் போட்ட அடைப்பு. இதிலும் அவள்தான் முந்தி