தகரத்தில் ஒட்டிய அகராதி

3 பிப்ரவரி 2025, திங்கள்

சிமெண்ட் டீலர் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்கக் காலி. இன்று எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது: எனக்குப் பதவி உயர்வு. நேற்றுவரை சைட் இஞ்சினியர் சுமையா. இன்று முதல் சைட் இஞ்சினியர் மற்றும் பசுமை ஒருங்கிணைப்பாளர் சுமையா. சம்பளம் அதேதான்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் எங்கள் முதலாளி பாண்டிதுரை பதினாறு வீடு கட்டுகிறார். பெயர் பசுஞ்சோலை. பெயருக்கு ஆதாரமாக அங்கே இரண்டு வேப்பமரங்கள் நின்றன. பார்க்கிங் வேண்டுமென்று வெட்டியாயிற்று. இப்போது பசுமைச் சான்றிதழ் வாங்கினால் வீடு சீக்கிரம் விற்கும் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். சான்றிதழ்காரர்கள் முப்பத்தோரு சொற்களை அனுப்பியிருக்கிறார்கள், எல்லாம் இங்கிலீஷில்.

"இதுக்கெல்லாம் தமிழ்ல அர்த்தம் எழுதிக் குடும்மா. புக்லெட்ல போடணும். சைட்லயும் ஒட்டியிருக்கணுமாம், இஞ்சினியர் கையெழுத்தோட."

"அர்த்தம் எழுதினா அதைச் செய்யணுமே சார்?"

"அர்த்தம்தானம்மா கேட்டாக? செய்யவா சொன்னாக?"



9 பிப்ரவரி, ஞாயிறு

காலையிலிருந்து அகராதி வேலை. முதல் சொல் நிலைத்தன்மை. 'இன்றைக்கு வேண்டியதை எடுக்கும்போது நாளைக்கு வருகிறவருக்கும் மிச்சம் வைப்பது' என்று எழுதினேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுக்கா உன்னைய நாலு வருசம் காலேஜுக்கு அனுப்புனேன்? ஒரு கொடம் தண்ணியில அரிசி களைஞ்சு, அந்தத் தண்ணிய ஆட்டுக்கு வச்சு, கழுவுன தண்ணிய முருங்கைக்கு ஊத்துனேனே. எனக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தா?"

அடுத்தது உட்பொதிந்த கார்பன். ஒரு செங்கல் சுவருக்கு வந்து சேருமுன் அதற்காக எரிந்த சூளை நெருப்பு, லாரி குடித்த டீசல், சிமெண்ட் உலை விட்ட புகை எல்லாம் சேர்ந்த கணக்கு. அதாவது வீட்டில் பால் காய்ச்சுமுன்னே வீடு புகைந்து முடித்திருக்கும்.  எட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு நாளும் நினைத்ததில்லை.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிட வேண்டும். பசுஞ்சோலையில் தரைத்தளம் ஒன்றாம் நம்பர் வீடு அம்மாவுடையது. ரஹ்மத் பீவி என்ற பெயரில் அக்ரிமெண்ட் போட்டாகிவிட்டது. அத்தா போன பிறகு ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்த கால்கள், மாடிப்படி ஏறாது. மில்லில் கொடுத்த பி.எஃப். மொத்தமும் அந்த வீட்டில் இருக்கிறது. வாங்கச் சொன்னவள் நான்தான்.

அந்த இடம் பள்ளம். மலையில் அடித்துப் பெய்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் கண்மாய்க்குப் போகும். மேடு பள்ளம் அளந்து லெவல் எடுத்தவளும் நான்தான்.

14 பிப்ரவரி

பத்தொன்பதாவது சொல், பசுமைப் பூச்சு. 'செய்யாத நன்மையைச் செய்ததாகக் காட்டி விற்பது.' துணிந்து அப்படியே எழுதி முதலாளியிடம் நீட்டினேன். அவர் தலைப்பை மட்டும் படித்தார்.

"பூச்சா? இது நல்லாருக்கே. ஆண்டாள் கையில இருக்க கிளி கலர்ல அடிச்சிருவோம். மெயின் ரோட்டுல இருந்தே தெரியணும்."

நாளை பெயிண்டர் வருகிறார்.

20 பிப்ரவரி

சண்டை. பிளானில் நான்கு மழைநீர் சேகரிப்புக் குழிகள் இருக்கின்றன. இன்று முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டு, குழி வேண்டாம், தரையில் நாலு சிமெண்ட் மூடி மட்டும் பதித்து நீலப் பெயிண்ட் அடித்தால் போதும் என்றார். மாடியிலிருந்து வரும் பைப்பை மூடிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் ஒரு சாண் செருகிவிட வேண்டுமாம். போட்டோவில் அவ்வளவுதான் தெரியுமாம்.

நான் விடவில்லை. மாடித் தண்ணீர் முழுக்கப் பள்ளத்தில் நிற்கும், தரைத்தளத்துக்குள் ஏறும் என்றேன். குழி இருப்பதாக நான் கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து என்றும் சொன்னேன்.

"ஊர்ல எந்த வீட்டுல உண்மையான குழி இருக்கு? வீட்டுத் தீர்வை கட்டப் போறப்ப எல்லாரும் பைப்பைத்தான காட்டுதான்? உனக்கு வேலை வேணுமா, குழி வேணுமா?"

வேலை வேண்டும். வீட்டுக்கு அடுத்த தவணை கட்ட வேண்டியவளும் நான்தானே. வாயை மூடிக்கொண்டு வந்தேன். ச்சீ. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து புது வீட்டுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார முடியவில்லை.

24 பிப்ரவரி

அகராதியை ஒட்டினேன், சிமெண்ட் கொட்டகையின் தகரத்தில். முப்பத்தொன்றும் வரிசை நம்பர் போட்டு, கீழே என் கையெழுத்தும் சீலும். சொல்ல முடியாத கோபத்தை எங்கேயாவது காட்ட வேண்டுமே. மூன்று சொற்களுக்கு அர்த்தத்தோடு அளவையும் எழுதிவைத்தேன். மழைநீர் சேகரிப்புக் குழி: நாலடி அகலம், பத்தடி ஆழம், அடியில் கருங்கல், மேலே உடைந்த செங்கல், அதற்கும் மேலே மணல். குளிர் கூரை: மொட்டை மாடியில் சுண்ணாம்புக் கலவை மேல் வெள்ளை டைல்ஸ் உடைசல். குளித்த தண்ணீர் மறுபயன்: தனிப் பைப், வாழைப் பாத்தி வரை. யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

கொட்டகைத் தகரம் எங்கள் சைட்டில் சாதாரண இடமில்லை. மேஸ்திரி கண்ணுச்சாமி அண்ணன் வாய்ப் பேச்சுக்கு வேலை செய்ய மாட்டார். முன்பு ஒரு சைட்டில் இஞ்சினியர் ஒருவர் சொன்னாரென்று சுவரை இடித்திருக்கிறார். பிறகு அந்த இஞ்சினியர் நான் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டாராம். அன்றிலிருந்து இதுதான் அவர் சட்டம். தகரத்தில் கையெழுத்தோடு ஒட்டியிருந்தால் வேலை. மற்றதெல்லாம் பேச்சு.

2 மார்ச், ஞாயிறு

முதல் நோன்பு. நாளையிலிருந்து பத்து நாள் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்ரூவல் பைலோடு அலைச்சல். முதலாளி கோயம்புத்தூரில் பசுமைத் தலைமைப் பயிற்சிக்குப் போகிறார்.

8 மார்ச்

சைட்டிலிருந்து சரக்குச் சிட்டைகள் கட்டாக வந்தன. வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. படிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

19 மார்ச், புதன்

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பத்து நாள் என்று போன அலைச்சல் நேற்றுதான் முடிந்தது. காலையில் சைட்டுக்குப் போனதும் கண்ணுச்சாமி அண்ணன் வந்தார், மூக்குக் கண்ணாடியோடு.

"இஞ்சினியரம்மா, ஒரு சந்தேகம். பதினேழாம் நம்பரு நிகர பூஜ்யம்னு போட்டிருக்கீக. அதை எங்க வைக்கணும்? எம்புட்டு கலவை போகும்?"

"எந்தப் பதினேழு அண்ணே?"

"தகரத்துல ஒட்டுனீகள்ல? அளவு போட்டதெல்லாம் முடிஞ்சிருச்சு. இதுல பூஜ்யம்னு நம்பரு இருக்கு, அளவு இல்ல, அதான் நிக்குது."

எல்லாம் முடிஞ்சிருச்சு. முதலில் அது மண்டையில் ஏறவில்லை. பிறகு ஓடிப்போய் முதல் மூடியைத் தூக்கச் சொன்னேன். குழி! நிஜமான குழி. இரண்டாவதைத் திறந்தேன், மூன்று, நான்கு. அளந்து பார்த்தேன். அகலம் சரியாக நாலடி. செங்கல் உடைசல் எல்லாம் எங்கள் சைட்டில் குவிந்து கிடந்த குப்பை. முதலாளி டிராக்டர் வைத்துக் கண்மாய்க் கரையில் கொட்டச் சொன்ன அதே குப்பை. மொட்டை மாடிக்கு ஏறினேன். வெள்ளை டைல்ஸ் துண்டுகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. பின்பக்கம் பைப் வழியாக வாழைப் பாத்தி. பைப்புக்குச் சிட்டையில் கையெழுத்து யாருடையது? என்னுடையது.

"அண்ணே, மூடி மட்டும் போதும்னு மொதலாளி சொன்னாரே?"

"அவுக வாயாலதான சொன்னாக. நீங்க எழுதி ஒட்டியிருக்கீக."

நான் அழுதுவிட்டேன். நோன்பு மயக்கம் என்று நினைத்து நிழலில் உட்காரச் சொன்னார். கொஞ்சம் தேறியதும் நிகர பூஜ்யத்துக்கு விளக்கம் சொன்னேன். அதை எங்கேயும் வைக்க முடியாது, வீடு எடுத்துக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதும் சரிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று.

"அப்ப அது வேலை இல்ல, கணக்கு. கணக்கு மொதலாளி பாடு," என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

20 மார்ச்

முதலாளியிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் குழிகளை மூடச் சொல்வார். மூடவும் செலவுதான், ஆனாலும் மூடுவார். அவர் பேச்சை மீறி ஒன்று நடக்கக் கூடாது. சொல்லாமல் விட்டு அவரே கண்டுபிடித்தால் எனக்கும் மேஸ்திரிக்கும் வேலை போகும்.

முதலாளிக்கு முட்டிவலி. மாடி ஏற மாட்டார். மூடியைத் தூக்கிப் பார்க்க அவருக்கு என்ன தேவை? அடியில் ஒன்றுமில்லை என்று அவருக்குத்தான் தெரியுமே.

சொல்லவில்லை. குழி இருப்பதாக எழுதிய படிவத்தில் இன்று கையெழுத்துப் போட்டேன். இது பொய்க் கையெழுத்து இல்லை.

8 ஏப்ரல், செவ்வாய்

ஆடிட். சென்னையிலிருந்து ஷெரின் என்ற அம்மா வந்தார். முதலாளி இரண்டு கிலோ பால்கோவாவோடு வாசலில் நின்றார். அந்த அம்மா டப்பாவைப் பார்க்கக்கூட இல்லை. நேராக நீல மூடிக்குப் போய், "திறங்க" என்றார்.

"மேடம், அதுக்குள்ள நேத்துதான் ஒரு சாரைப் பாம்பு போச்சு. ஆள விட்டுப் பிடிச்ச பொறவு..."

"பாம்பு உள்ள போச்சுன்னா ஆழம் இருக்குன்னு அர்த்தம். திறங்க சார்."

முதலாளி போனைக் காதில் வைத்துக்கொண்டு தூரமாய் நகர்ந்தார். யாரும் கூப்பிடவில்லை, எனக்குத் தெரியும். கண்ணுச்சாமி அண்ணன் கடப்பாரையால் நெம்பினார். அந்த அம்மா ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினார். போனது. இன்னொரு வாளி. அதுவும் போனது. "நல்லா செஞ்சிருக்கீங்க. பாதி இடத்துல வெறும் மூடிதான் இருக்கும்" என்றார்.

அப்போதுதான் முதலாளி திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். காதில் இருந்த போனை எடுக்க மறந்துவிட்டார். பதினாறு வீடு கட்டியதில் அவரை உண்மையிலேயே ஆச்சரியப்படுத்தியது அந்தக் குழி ஒன்றுதான்.

9 ஏப்ரல்

ஆபீஸில் கச்சேரி. "யார் தோண்டச் சொன்னது? சொல்லு, யாரு?" கண்ணுச்சாமி அண்ணன் எழுந்தார். கொட்டகைக்குப் போய்த் தாளைத் தகரத்திலிருந்து கிழியாமல் உரித்து எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். முதலாளி முதல்முறையாக முப்பத்தொன்றையும் படித்தார். பத்தொன்பதாவதில் வெகுநேரம் நின்றார். ஜன்னல் வழியாகக் கிளிப்பச்சைச் சுவரைப் பார்த்தார்.

எங்களைத் தொலைத்துவிடுவார் என்று நினைத்தேன். அந்த நேரம் ஒரு நிருபர் போன் செய்தார். பசுமைச் சான்றிதழ் பற்றிப் பேட்டி வேண்டுமாம்.

12 ஏப்ரல்

பேப்பரில் முதலாளி படம், மூடியைக் கையால் தொட்டபடி. சின்ன வயதிலிருந்தே மழைநீர் என்றால் அவருக்கு உயிராம். குழிகளை இரவு பகலாக நின்று தோண்ட வைத்தாராம். அம்மா வாசித்துவிட்டு, "நல்ல மனுசன்" என்றாள். 

28 ஜூலை

ஆடிப்பூரத் தேர். கொத்தனார், சித்தாள் ஒருவரும் வரவில்லை. எனக்கும் லீவு.

14 செப்டம்பர், ஞாயிறு

ஒன்றாம் நம்பரில் குடியேறினோம். திரைச்சீலை எல்லா ஜன்னலுக்கும் சரியாக இருந்தது. அம்மாவுக்கு ஒரே குறை. "வெளிச் சுவரைப் பார்த்தா கண்ணு எரியுதுட்டி. இந்தக் கலரை எவன் சொன்னான்?"

22 அக்டோபர், புதன்

நேற்று மதியம் தொடங்கிய மழை விடவே இல்லை. மலை தெரியவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர், சாமான்களை மேலே ஏற்றுகிறார்கள். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசற்படியையே பார்த்திருந்தேன். முதல் படி நனைந்தது. இரண்டாவது படியைத் தண்ணீர் தொடவில்லை. மூடியில் காதை வைத்தால் உள்ளே கடகடவென்று இறங்குகிற சத்தம்.

அம்மா சாயந்திரம் எல்லாம் தூங்கினாள். மழை பெய்யும்போது தூங்குகிற அம்மாவை நான் பார்த்ததில்லை. பழைய வாடகை வீட்டில் மழை என்றால் பாத்திரம் வைக்கிற வேலைதான்.

கண்ணுச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். நன்றி சொல்லுமுன் அவரே முந்திக்கொண்டார். "என்னம்மா, குழி நெறஞ்சிருச்சா?" என்றார். இல்லை என்றேன். "பத்தடில்ல. நெறையாது," என்று வைத்துவிட்டார்.

17 நவம்பர், திங்கள்

தேவதானம் பக்கம் புது சைட், இருபத்து நாலு வீடு. சான்றிதழ்காரர்களின் சொற்கள் முப்பத்தொன்றிலிருந்து நாற்பத்தாறாகிவிட்டன. முதலாளி கூப்பிட்டார்.

"அர்த்தம் எழுதும்மா. புக்லெட்டுக்கு மட்டும். கொட்டகையில ஒட்டிராத. சொல்லிட்டேன், ஒட்டிராத."

"ஒட்ட மாட்டேன் சார்."

18 நவம்பர்

இந்த முறை ஒன்றாம் சொல்: இருக்கிற மரம். அர்த்தம்: கேட் பக்கம் நிற்கும் புளி, அதற்குப் பின்னால் இரண்டு வேம்பு. மூன்றையும் வெட்டக் கூடாது. மற்ற நாற்பத்து நாலுக்கும் நீளம், அகலம், ஆழம் போட்டிருக்கிறேன். நிகர பூஜ்யத்துக்கு மட்டும் 'கணக்கு, முதலாளி பாடு' என்று எழுதிவிட்டேன். கீழே கையெழுத்து, சீல்.

ஒட்டவில்லை. தகரத்தில் நாலு மூலைக்கும் ஆணி அடித்து மாட்டினேன். கண்ணுச்சாமி அண்ணன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பரிலிருந்து படிக்கத் தொடங்கினார்.