சுகேனாவின் கபருக்குப் போய்வந்தேன்

கவோலாக்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் மோமருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே நடமாட்டத்துடன் இருக்கிறேன், ஸ்பெயினில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, அதைச் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். ஒவ்வொரு வருடமும் உம்மா இறந்த நாளில், கபருக்குப் போனீர்களா வாப்பா என்று கேட்பாய், போனேன், சுத்தமாக இருக்கிறது என்பேன். நான் போகவே இல்லை மோமர். அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு ஆறு வருடமாக உன் உம்மாவின் ஊரான சான் லூயியில் கால் வைக்கவில்லை.

அன்று நீ வர முடியாமல் போனதால் உனக்கு இது தெரியாது. கபர்ஸ்தான் வாசலில் எல்லார் முன்னாலும் உன் மாமா மத்தார், "கடலோரத்துல பொறந்தவளக் கூட்டிட்டுப் போயி புழுதிக்குள்ள சாகடிச்சிட்டியே" என்றார். கடைசி மாதங்களில் இங்கே கவோலாக்கில் அவளும் காற்றே வரவில்லை, சன்னலைத் திற என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள். சன்னல் திறந்துதான் இருந்தது.

போன வாரம் வானொலியில், சான் லூயியில் கடல் மீனவர் தெருவுக்குள் புகுந்து வீடுகளைக் கொண்டுபோய்விட்டது என்றார்கள். மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். பெரிய பாலத்தின் முனையில் இறங்கி, தீவைக் கடந்து, சின்னப் பாலத்தையும் கடந்து நடந்தேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டே போனேன், ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கபர்ஸ்தானில் எங்கு பார்த்தாலும் மணலும் கம்பும் கபர்கள் மேல் போர்த்திய மீன் வலையும், என் மனைவி எங்கே இருக்கிறாள் என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு போனேன். சுகேனா என்ற அவள் பெயருக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது, மேலே புது வலை போர்த்தி ஓரத்தில் கல் வைத்திருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மச்சான், ஆறு வருஷமா பஸ்ஸே ஓடலையோ?" என்று பின்னாலிருந்து குரல். உன் மாமாதான். தாடி முழுக்க நரைத்துவிட்டது. அவர் வீட்டின் கடல் பக்கச் சுவர் விழுந்த பிறகு மாமியும் பிள்ளைகளும் உள்நாட்டுப் பக்கம் குடிபோய்விட்டார்கள், அவர் மட்டும் மீதியிருக்கும் ஒரே அறையில் இருக்கிறார். மீன் சோறு ஆக்கி வைத்தார், ஒரே தட்டில் சாப்பிட்டோம். பாதியில் கையை எடுத்துவிட்டு, "அன்னிக்குச் சொன்னது தப்புதான். எனக்கு முன்னாடி போயிட்டாளேன்னு அவ மேல கோவம். மண்ணுக்குள்ள கெடக்கறவள எப்படித் திட்டறது? நீதான் எதிர்ல நின்ன" என்றார். நான் மீனில் முள்ளை எடுத்துவிட்டு அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

அலை கபருக்கு நாற்பது தப்படி தூரத்தில் இருக்கிறது, போன வருடம் அறுபது என்றார் மாமா. மூன்று நாள் இருந்துவிட்டு வந்தேன். இங்கே வந்து கதவைத் திறந்தபோது வீடு முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

எப்போது வருவாய் என்று கேட்க மாட்டேன், அங்கே தங்குவதற்கான காகிதம் கிடைக்காமல் நீ படும் பாடு தெரியும். வரும்போது முதலில் மாமாவிடம் போ. ஏன் இத்தனை வருடம் என்று திட்டுவார், நின்று கேட்டுக்கொள். நான் பொய் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விட்டுவிடாதே, அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனிதர்களையும் தரட்டும். மாமாவின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகப் பேசு. இரண்டு முறை அடித்தும் எடுக்காவிட்டால் வைத்துவிடாதே, அவருக்கும் போன் வருவது பழக்கமில்லை.

உன் வாப்பா,
மசாம்பா