முகத்தைத்தானே மறைக்கச் சொன்னீர்கள்

ஜூலை 4

பெரிய டைரக்டர் அம்மாவுக்கு,

போனில் பேசினால் கத்துவேன், கத்தினால் இருமல் வரும். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் போட்டிக்காக எடுத்த சுகாதாரப் படங்களை எங்கள் பஸ் நிலையத்து டிவியிலேயே போடப்போகிறார்கள் என்று ஏன் சொல்லவில்லை? என்னைப் பிரிந்து உன் அம்மாவோடு போன பெண், மாதம் ஒருமுறை வந்து ஆசையாகக் கேட்கிறாளே என்றுதான் கேமரா முன் பேசினேன். "என் மூஞ்சி தெரியக் கூடாது பாப்பா" என்று படித்துப் படித்துச் சொன்னேன். முகம் தெரியவில்லை, சரி. ஆனால் நான் அறிவிப்புக் கூண்டுக்குள் மைக்கில் "ஐந்தாம் நடைமேடையில் நிற்கும் பேருந்து" என்கிறேன். வெளியே டிவியில் அதே குரல், "எனக்கு டிபி, மாத்திரையைப் பாதியில விட்டுட்டேன்" என்கிறது! எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள், பிறகு என் கூண்டைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக ஊரே கேட்கிற குரலடி அது!

டீக்கடைக்காரன் டம்ளரை எட்ட வைத்துவிட்டு ஓடுகிறான். மேனேஜர், "வீட்டுல இருங்க, கூப்பிடறோம்" என்று அனுப்பிவிட்டார். ஒரு பரிசுக்காகப் பெற்ற அப்பனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய். படத்தை நிறுத்து. இல்லையென்றால் உனக்கு அப்பன் கிடையாது.

இப்படிக்கு,
நீ படம் பிடித்த நோயாளி

ஜூலை 7

அறிவிப்பாளர் அவர்களுக்கு,

முகத்தைத்தானே மறைக்கச் சொன்னீர்கள்? குரல் எனக்கு உறைக்கவே இல்லை. ஊருக்கு அது பஸ் நிலையக் குரல், எனக்கு வெறும் அப்பா குரல். அது என் தப்புதான். அதற்கு மேல் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இருமல் கொஞ்சம் நின்றதும் மாத்திரையை விட்டது யார்? காற்றே புகாத அந்தக் கூண்டில் உங்களுக்கு அடுத்து வந்து உட்காரும் மாலை ஷிப்ட் அக்காவுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. அவரிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? படத்தைப் பார்த்துத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். "உங்கப்பா நல்லா இருக்கட்டும்மா" என்று என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

படத்திலிருந்து உங்கள் குரலை எடுத்துவிட்டேன். தோழியின் அப்பா அதே வரிகளைப் பேசிக் கொடுத்தார். இப்போது திருப்தியா? உங்களுக்கு மூச்சைவிட மானம்தானே பெரிது.

டைரக்டர்

ஜூலை 15

மகளே,

முகக்கவசம் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்ப் புதுப் படத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை, அதனால் ஒருவருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை.

யார் அந்த ஆள்? கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறான். இருமுவதுகூடப் பொய் இருமல். ஒருத்தனும் தலை நிமிரவில்லை. என் குரல் ஓடியபோது பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு நின்றார்கள்.

மாலை ஷிப்ட் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒன்றுமில்லை என்று மேனேஜர் போனில் சொன்னார். அன்றைக்குத்தான் தூங்கினேன். மாத்திரையை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். உனக்காக இல்லை, தலைக்கனம் வேண்டாம்.

என் குரலையே திரும்பப் போடு.

கோபம் ஆறவில்லை. வீட்டுப் பக்கம் வந்துவிடாதே. உன்னைப் பார்த்தால் கத்துவேன், கத்தினால் இருமுவேன், இருமினால் உனக்கு ஒட்டிக்கொள்ளும். மாத்திரை முடியட்டும். நானே அங்கு வந்து, மைக் இல்லாமல், தெருவே கேட்கத் திட்டுகிறேன்.

அப்பா