இரண்டாவது பிளொப்பியில் இருந்தவர்கள்

என் அன்பு மச்சான் ரிஸ்வான்,

நீ மவுத்தாகி நாலு மாதம் கழித்து உனக்கு எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுதாதவன் இப்போது என்ன எழுதிக் கிழிக்கப்போகிறான் என்று கேட்பாய். கேள். இன்றைக்கு நீ எதைக் கேட்டாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொள்வேன்.

உனக்கு மட்டும் எழுதினால் போதாது. உன்னைப் பற்றி நான் வாய்கூசாமல் பேசியதைக் கேட்டவர்கள் பண்டாரவளையில் இருக்கிறார்கள், பதுளையில் இருக்கிறார்கள், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களும் இதை வாசிக்கட்டும்.

போன கிழமை உன் மனைவி ஸபீனா பதுளையில் என் கம்பியூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தார். நான் ஒரு பிரிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். யாரென்று தெரியாமல், "என்ன பழுதுங்க?" என்று கேட்டேன்.

"பழுது ஒண்டுமில்ல அண்ணா. நான் ரிஸ்வான்ட பொஞ்சாதி," என்றார். "அவருக்கு ஏலாமப் போன நேரம் உங்கள்ட்ட மாப்புக் கேக்கச் சொன்னார். என்ன பிழை செஞ்சேண்டு எனக்கே தெரியா, ஆனா அவன்ட மனசு நொந்து போச்சு, நீ போய்க் கேளு எண்டார்."

மவுத்துக்கு முன்னால் எல்லாரிடமும் மாப்புக் கேட்டுக்கொள்வது உங்கள் வழக்கம் என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில் என் பெயரும் இருந்திருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாற்காலியை விட்டு எழும்பவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "சரிங்க, அதெல்லாம் பழைய கத. நான் மன்னிச்சிட்டேன்," என்றேன். பெரிய மனுசன் பேச்சு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார் மச்சான். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

போகும்போது பையிலிருந்து ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். "அவர் அந்தக் காலத்துல செஞ்ச கேம் ஒண்டு இதுக்குள்ள இருக்காம். தொறந்து பாக்க ஏலுமா அண்ணா?" என்றார். அது எந்தக் கேம் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தேன்.

வாசிக்கிறவர்களுக்கு முன்கதையைச் சொல்லவேண்டும். இருபது வருடத்துக்கும் மேலாகிறது. நான் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் வளர்ந்த பிள்ளை, பதுளையில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் எடுபிடி வேலை. நீ பண்டாரவளையில் வாப்பாவின் இரும்புக் கடையில் கணக்கைக் கம்பியூட்டரில் போட உட்கார்ந்தவன், ஆனால் போட்டதெல்லாம் கேம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித் திறக்கிற அந்தப் பழைய சுடுகிற கேம். துப்பாக்கியோடு குகைக்குள் போய் மிருகங்களைச் சுடவேண்டும். எனக்கு விளையாடமட்டும்தான் தெரியும். நீ ஒருபடி மேலே போய், லெவல் எடிட்டர் என்ற ஒன்றைக் கண்டுபிடித்து, கேமுக்குள் இருக்கிற அறை, சுவர், வாசல் எல்லாவற்றையும் சொந்தமாகக் கீறப் பழகினாய்.

ஒரு தீபாவளிக்கு வாப்பாவின் கெமராவோடு எங்கள் லயத்துக்கு வந்தாய். ஆறு பேரை அவரவர் வாசலில் நிறுத்திப் படம் பிடித்தாய். முன்பக்கம் ஒன்று, சைட் ஒன்று, முதுகு ஒன்று. என் அம்மாவைக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு வரச் சொன்னாய். "தீவாளியும் அதுவுமா என்னைய மலைக்கு அனுப்புறியே சாமி," என்று சிரித்துக்கொண்டே மாட்டினார். "திரும்புங்கம்மா, இன்னங் கொஞ்சம், இன்னங் கொஞ்சம்," என்று நீ சொல்லச் சொல்ல முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அத்தனை பேரையும் வாசற்படியில் உட்காரவைத்து இன்னொரு படம். அல்பம் வரும் என்று லயமே காத்திருந்தது.

அல்பம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் என் கையில் இரண்டு பிளொப்பியைத் திணித்தாய். "ரெண்டையும் சேத்துப் போடு மச்சான், பாத்துட்டுச் சொல்லு," என்று பஸ் கிளம்புகிற அவசரத்தில் கத்தினாய். முதலாவது வேலை செய்தது. இரண்டாவதில் பூஞ்சணம். எங்கள் மலை மூட்டத்தில் பிளொப்பி பூஞ்சணம் பிடிப்பது புதுசா என்ன? மூன்று தடவை போட்டேன், வாசிக்கவில்லை. சத்தம், பாட்டு ஏதாவதுதான் இருக்கும், பரவாயில்லை என்று முதலாவதை மட்டும் ஓட்டினேன். அவசரக்குடுக்கை என்று அம்மா என்னைச் சொன்னது சும்மா இல்லை.

திரையில் எங்கள் லயம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம், முன்னால் கழிவுநீர் ஓடுகிற கான், தள்ளித் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால், ஒவ்வொரு வாசலிலும் ஒரு மிருகம். எங்கள் வாசலில் நின்றது முள்ளு முள்ளாய்ச் சிவந்த கண்ணோடு ஒன்று. வகுப்பில் இருந்த ஒரு டவுன் பையன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஒங்க லயத்து ஆளுகளா இதெல்லாம்?" என்று சிரித்தான். அவனோடு நாலு பேர் சிரித்தார்கள்.

நான் சுட்டேன் மச்சான். எங்கள் வாசலில் நின்றதைத்தான் முதலில் சுட்டேன். பிறகு வரிசையாக எல்லா வாசலிலும். ஆத்திரம் அடங்கவில்லை.

அடுத்த நாளே பண்டாரவளைக்கு வந்து, இரண்டு பிளொப்பியையும் உன் வாப்பாவுக்கு முன்னால் போட்டுவிட்டு, "ஒங்க மகனை எங்க லயத்துப் பக்கம் வரவேணாம்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நீ வகுப்புக்கு இரண்டு தடவை தேடி வந்தாய், இல்லையென்று சொல்லச் சொன்னேன். டெலிபோனில் எடுத்தாய். "மச்சான், ரெண்டாவதையும் போட்டியா?" என்று அந்த ஒரு கேள்விதான் கேட்டாய். இப்பவும் கேமைப் பற்றியே பேசுகிறான் பார் என்று எரிச்சலில் போனை வைத்துவிட்டேன்.

பிறகு ஊரெல்லாம் சொன்னேன். எங்கள் சனங்களை முன்னும் பின்னும் திருப்பிப் படம் பிடித்து, மிருகமாகக் கீறி, டவுனில் காட்டிச் சிரித்தவன் என்று. உன் காதுக்கு மட்டும் அது வந்து சேரவில்லை போலிருக்கிறது. அம்மா மட்டும் நம்பவில்லை. "அந்தப் புள்ள அப்புடிச் செய்யாதுடா. ஒருவாட்டி கேட்டுத்தான் பாரேன்," என்றார். நான் கேட்டேனா? அம்மாவும் போய்ச் சேர்ந்து ஏழு வருடம். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் சுவரில் மாட்டியிருக்கிறேன். அதில் யார்மீதோ கோபமாக இருப்பதுபோல் முறைத்துக்கொண்டிருப்பார்.

முந்தாநாள் பௌர்ணமிப் போயா. கடைக்கு லீவு. காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். பழைய அகலக் கேபிள். அதற்கு மாற்றுப் பெட்டி தேடி, தூசு தட்டி, மாட்டினேன். உயிரோடுதான் இருந்தது. உள்ளே என் பெயரில் ஒரு கோப்புறை. அந்தக் காலத்து எடிட்டர் இப்போதைய கம்பியூட்டரில் ஓடாது, ஆகவே புதிதாக வந்த ஒன்றை இறக்கினேன். அது ஆயிரம் கேள்வி கேட்டது. எந்தக் கேம், மூலக் கோப்பு எங்கே, கூடச் சேர்க்கவேண்டிய கோப்பு ஏதும் உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லையென்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவையும் அதே புத்தி.

வரைபடம் விரிந்தது. மேலிருந்து பார்த்தால் எங்கள் லயம், கோடு கோடாக, அளவு பிசகாமல். விளையாடுகிறவர்கள் தொடங்குகிற இடங்கள் இரண்டு இருந்தன. ஒன்றாம் எண் எங்கள் வாசலுக்குள், அதாவது நான். இரண்டாம் எண் பஸ் வந்து நிற்கிற முடக்கில், அதாவது நீ. இரண்டு பேர் சேர்ந்து விளையாடத்தான் செய்திருக்கிறாய். அதன் பிறகு வாசல்களில் அந்த மிருகங்களைப் பார்த்தேன். பழைய கோபம் அப்படியே ஏறியது. மண்ணுக்குள் போனவன்மேல் எனக்குக் கோபம் வந்தது மச்சான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூடப்போன நேரத்தில்தான் அதே கோப்புறையில் இன்னொரு கோப்பைப் பார்த்தேன். முதலாவதைவிடப் பெரியது. பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு, ஆங்கில எழுத்தில் தமிழ். "இது ரெண்டாவது பிளொப்பி. இது இல்லாட்டி ஆட்கள் வரமாட்டார்கள், பழைய மிருகம்தான் வரும். மறக்காதே மச்சான்."

கூடச் சேர்க்கிற கோப்பு என்ற இடத்தில் அதைக் கொடுத்தேன். திரை ஒருதரம் வெளுத்துத் திரும்பியது. எங்கள் வாசலில் என் அம்மா நின்றார்.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன். ஷட்டருக்கு வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் போனது, ஆள் போனது, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. திரும்பி வந்து பார்த்தேன். அம்மாதான். புள்ளி புள்ளியாக, கட்டைவிரல் அளவில், கொழுந்துக் கூடையோடு சிரித்துக்கொண்டு.

ஒவ்வொரு படமாகத் திறந்தேன். முன்பக்கம், சைட், முதுகு. அந்தக் கேமில் ஒரு ஆள் நடமாட வேண்டுமென்றால் எல்லாப் பக்கத்துப் படமும் வேண்டும். இதை இப்போது எந்தச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதற்காகத்தான் எங்கள் சனங்களை நீ சுற்றவிட்டிருக்கிறாய். நெற்றியில் மாட்டிய கூடைக் கயிற்றுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக்கூடப் புள்ளி புள்ளியாக அழித்துச் சுத்தம் பண்ணியிருக்கிறாய். எத்தனை நாள் பிடித்தது உனக்கு? கண் நோகவில்லையா?

நீ படம் பிடித்த ஆறு பேரில் வேலு மாமா மட்டும் மூன்று வாசலில் நிற்கிறார். வாசல் கூடிப்போய், மிருக வகை தீர்ந்துபோய்விட்டதாக்கும். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கேமை ஓடவிட்டேன். மிருகம் நெருப்புருண்டை எறிகிற இடத்தில் அம்மா ரொட்டி எறிகிறார். என்மேல் பட்டது. உயிர்க் கணக்கு ஒன்றும் குறையவில்லை. அதையும் நீ மாற்றி வைத்திருக்கிறாய். வாய்விட்டுச் சிரித்தேன், அப்படியே அழுகையாகப் போய்விட்டது.

நான் யாரையும் சுடவில்லை. ஆனால் சுட்டால் என்ன வரும் என்று படங்களில் தேடிப் பார்த்தேன். மிருகம் செத்து விழுகிற படம் இருக்கவேண்டிய இடத்தில், வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்கிற படம். ஆறு பேருக்கும் அப்படித்தான். எங்கள் லயத்தில் ஒருவரும் சாகாதபடி செய்து வைத்திருந்தாய். நான்தான் அம்மாவைச் சுட்டுவிட்டு வந்து உன்னைக் குற்றவாளியாக்கியவன்.

இதைவிட ஒன்று என்னைப் போட்டு உலுக்குகிறது. நீ செய்யாத பிழைக்கு உன் மனைவி என் முன்னால் நின்று மாப்புக் கேட்டார். நான் கொடுத்தேன். கொடுக்க நான் யார்?

நேற்றுப் பகல் ஸபீனாவுக்குப் போன் எடுத்தேன். பூஞ்சணம் பிடித்த பிளொப்பியில் தொடங்கி ரொட்டி வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அப்ப அவர் பிழை ஒண்டும் செய்யல்லையா?" என்று கேட்டார்.

"இல்லங்க. ஒன்னுமே செய்யல. பிழை பூரா என்னுது. நீங்கதான் என்னைய மன்னிக்கணும்."

"நான் மன்னிக்கிற அண்ணா," என்றார். "ஆனா அவர் அது தெரியாமலே போயிட்டாரே. கடைசி வரைக்கும் என்ன செஞ்சேன், என்ன செஞ்சேண்டு யோசிச்சுக்கிட்டே இருந்தார்," என்றார்.

உன் பங்கு மாப்பை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? சொல்லேன் மச்சான்.

நான் கொடுத்த மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். அது உனக்குத் தேவைப்பட்ட சாமான் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை லெப்டொப்போடு லயத்துக்குப் போகிறேன். உன் படத்தில் இருக்கிற ஆறு பேரில் நாலு பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஒவ்வொரு வாசலாக நின்று, ரிஸ்வான் நல்லவன், நான்தான் பொய் சொன்னேன் என்று என் வாயாலேயே சொல்வேன். ஏசினால் வாங்கிக்கொள்வேன். அதற்கு அடுத்த வெள்ளி உன்னை அடக்கிய பண்டாரவளை மையவாடிக்கு வருவேன். நீ என்ன பிழை செய்தாய் என்று கேட்டுக்கொண்டே போனாயே, அதற்குப் பதிலை உன் தலைமாட்டில் நின்று சத்தமாகச் சொல்வேன். நீ ஒன்றும் செய்யவில்லை ரிஸ்வான். ஒன்றுமே செய்யவில்லை.

உன் வாசலுக்கு வராமல் இருந்துவிட்ட உன் மச்சான்,
குமார்